கீழே யாரும் இல்லையா?

1

போன வாரம் எங்கள் கம்பெனிக் கூடத்தில் என் குரலை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள். வருடத்துக்கு ஒருநாள் இயந்திரங்களையெல்லாம் நிறுத்திவிட்டு, சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பாதுகாப்புப் பாடம் நடத்துவது இங்கே வழக்கம். வெளியே மதியச் சாப்பாட்டுக்கு இரும்புத் தட்டில் யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். இந்த வருடப் பாடம், போன வருடம் இதே மாதத்தில் சுரங்கத்துக்குள் நடந்த தீ விபத்து.

போடலாமா என்று முன்பே என்னிடம் கேட்டிருந்தார்கள். நானும் சரி என்று சொல்லியிருந்தேன். ஆனாலும் ஒலிபெருக்கியில் முதலில் கரகரப்பும், பிறகு ஒரு பெண் கேட்கும் கேள்வியும், அதற்குப் பிறகு என்னுடைய "நோ"வும் வந்தபோது நாற்காலிக்குக் கீழே கால்களைப் பின்னிக்கொண்டேன். அந்த ஒரே சொல்தான். அத்தோடு பதிவு அறுந்துவிடுகிறது.

அந்தச் சொல்லால் ஒரு மனிதர் செத்திருப்பார். ஊரில் இந்தக் கதை வேறு வேறு விதமாக உலவுகிறது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என் தம்பி அருளை ஒருவர் நிறுத்தி, தங்கச் சுரங்கம் இடிந்து உங்கள் அக்கா உள்ளே புதைந்துவிட்டாராமே என்று துக்கம் விசாரித்திருக்கிறார். சுரங்கம் இடியவில்லை, நான் புதையவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

2

என் பெயர் செல்வி. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. இன்னொருவருடைய டிராக்டரை ஓட்டினார். கரும்பு வெட்டுக் காலத்தில் ஆலைக்கு லோடு அடிப்பார். அவர் காலில் அடிபட்டுப் படுத்த வருடம், வண்டி சும்மா நின்றால் வேலை போய்விடும் என்று நான் ஏறினேன். அதற்கப்புறம் இறங்கவில்லை. பிறகு மினி லாரி. கரியாலூரிலிருந்து மரவள்ளிக்கிழங்கை ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைச் சாலையில் இறங்குவேன். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி நின்று, கியரைக் குறைத்து, மலை முழுக்கக் காது கொடுத்துக்கொண்டு ஓட்ட வேண்டிய சாலை அது. பொம்பளை ஓட்டுகிறாள் என்று சீதாப்பழம் விற்கிறவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள்.

என் கணவர் அந்தோணி நர்ஸ். உளுந்தூர்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தார். விபத்துகள் நிறைய வரும் இடம், அதனால் அவருக்குக் கை வேகம். ஆஸ்திரேலியாவில் நகரத்து நர்ஸுகள் போக மறுக்கும் ஊர்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பித்தார். கிடைத்தது. மகள் ஜெனிக்கு அப்போது ஆறு வயது. இப்போது பதினைந்து ஆகப்போகிறது.

ஊரின் பெயரை எழுத முடியாது. கம்பெனியில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில், கடலோர நகரத்திலிருந்து காரில் கிளம்பினால் ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டிய தூரத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். மண் சிவப்பு. நம் ஊர்ச் செம்மண்ணைவிடச் சிவப்பு. துவைத்த வெள்ளைத் துணி மறுநாள் ரோஜா நிறமாகிவிடும். பக்கத்தில் ஒரு பெரிய ஏரி உண்டு, அதில் தண்ணீருக்குப் பதில் உப்புதான் இருக்கிறது.

நூறு வருடத்துக்கு முன்னால் இங்கே தோள்பையும் மண்வெட்டியுமாக வந்தவர்கள் மேல்மண்ணிலேயே தங்கம் பொறுக்கியிருக்கிறார்கள். அதற்கும் முன்பிருந்தே இங்கே வாழ்ந்த பழங்குடி மக்களுக்குப் பாறைக் குழிகளில் எங்கே தண்ணீர் நிற்கும் என்று தெரியும். வந்தவர்கள் அந்தக் குழிகளைக் காலி செய்தார்கள். பிறகு உப்பு நீரைக் காய்ச்சி வடித்துக் குடித்தார்கள். ஒட்டகங்களில் சாமான் வந்தது, ஒட்டகக்காரர்கள் ஆப்கன் பக்கத்து ஆட்கள். ரயில் வந்தது. மாடி வைத்த ஹோட்டல்கள் வந்தன. டைபாய்டும் வந்தது. கல்லறைத் தோட்டத்தில் பாதிக் குழிகள் கைக்குழந்தைகளுடையவை. தங்கம் குறைந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள், தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தங்கத்தின் விலை ஏறியபோது திரும்ப வந்தார்கள், இறங்கியபோது திரும்பப் போனார்கள். இப்போது விலை ஏறியிருக்கிற காலம். பழைய குழிகளுக்கு அடியில் சுருள் சுருளாக ஒரு சாலை வெட்டி, கீழே கீழே போய்க்கொண்டிருக்கிறோம்.

ஊர் என்று சொன்னாலும் வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் விமானத்தில் வந்து, தகரக் குடியிருப்பில் தங்கி, முறை முடிந்ததும் விமானத்தில் போய்விடுகிறார்கள். குடும்பத்தோடு இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு கடை, ஒரு பெட்ரோல் பங்க், மது விடுதி ஒன்று, சின்ன மருத்துவமனை, பிள்ளைகள் குறைவாக உள்ள ஒரு பள்ளிக்கூடம். மெயின் தெருவில் பலகை அடித்து மூடிய வீடுகள்தான் ஜாஸ்தி.

நான் முதலில் அந்தத் தகரக் குடியிருப்பில் அறை கூட்டினேன். ஒருநாள் மேலாளர் அம்மாவிடம், கீழே லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்களாமே, நான் லாரி ஓட்டியிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பயிற்சிக்கு அனுப்பினார். வீட்டை விடப் பெரிய வண்டி. ஆனால் மலைச்சாலைச் சட்டம்தான் அங்கேயும்: லோடு ஏற்றி ஏறி வருகிற வண்டிக்கு மற்ற வண்டிகள் ஒதுங்க வேண்டும். ஹாரனுக்குப் பதில் ரேடியோ. எந்த மட்டத்தில் இருக்கிறோம், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும்.

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும், தங்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்தியா என்பதுதான் முதல் கேள்வி. நான் ஏற்றுவது சாம்பல் நிறக் கல். இத்தனை வருடத்தில் அதில் ஒரு மினுக்கம்கூடப் பார்த்ததில்லை.

3

வந்த புதிதில் என் ஆங்கிலம் கடையிலேயே மாட்டிக்கொண்டது. பை வேண்டாமா என்று கேட்பார்கள். "யெஸ்" என்பேன். ஆமாம், வேண்டாம் என்று அர்த்தம். அவர்கள் பையை நீட்டுவார்கள். வாங்கி வாங்கி வீட்டில் ஒரு மூலை முழுக்கப் பைகள் சேர்ந்தன. அந்தோணி சிரிப்பார். ஜெனி சின்னப் பிள்ளையாக இருந்தபோது கூடவே சிரிப்பாள். பத்து வயதுக்கு மேல் சிரிப்பதை நிறுத்தி, கடையில் எனக்கு முந்திக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தாள். அதற்கும் பிறகு கடைக்கு என்னோடு வருவதையே நிறுத்திவிட்டாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் கதவை மூடிக்கொண்டு தோழியோடு போனில் பேசுவாள்.

அந்தத் தோழியின் பெயர் மேடி. அவள் அப்பா க்ரெய்க் சுரங்கத்தில் பம்பு மெக்கானிக். ஊறுகிற தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கம் மூழ்கிவிடும், அதனால் எல்லோருக்கும் கீழே வேலை செய்கிறவர் பெரும்பாலும் அவர்தான். கல்யாணம் முறிந்து, மகளைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கோழிக் குழம்பின் வாசனை பிடித்து மேடி வந்துவிடுவாள்.

4

அன்றைக்குப் பகல் முறை. லோடு ஏற்றிக்கொண்டு கீழிருந்து ஏறினேன். பம்பு அறை இருக்கும் கிளைக் குகையைத் தாண்டும்போது க்ரெய்க்கின் வண்டி உள்ளே நின்றது. விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டார், வணக்கம் சொல்கிற மாதிரி. நானும் போட்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவர் ரேடியோவில் மேல்மட்டப் பட்டறைக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். பம்பில் ஏதோ கோளாறு, திரும்பி வந்துவிட்டார் போலிருக்கிறது, சொல்லுவார் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

இரண்டு மூன்று வளைவு ஏறியிருப்பேன். சமையல் கேஸ் கசிந்த மாதிரி நாற்றம் வந்தது. எங்களுக்குப் பயிற்சியில் முதலில் சொல்லித் தருவது அதைத்தான். ஆபத்து என்றால் உள்ளே வரும் காற்றில் அந்த நாற்றத்தைக் கலந்துவிடுவார்கள். ரேடியோ கேட்காதவருக்கும் மூக்கு இருக்கிறதே. உடனே ரேடியோவிலும் வந்தது. மேலே சாலையில் ஒரு வண்டி பற்றி எரிகிறது. எல்லோரும் பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பு அறைக்குப் போங்கள்.

புகை மேலே போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சுரங்கத்தில் நல்ல காற்றை மேலிருந்து கீழே இழுக்கிறார்கள், அதனால் புகையும் அந்தச் சாலை வழியாகக் கீழேதான் வரும். வந்தது. விளக்கு வெளிச்சத்தில் சாம்பல் நிறச் சுவர் ஒன்று வளைவைத் திரும்பி என்னை நோக்கி வருகிற மாதிரி இருந்தது. வண்டியைப் பாறை ஓரம் ஒட்டி நிறுத்தினேன். இடுப்பில் இருக்கும் ஆக்சிஜன் டப்பாவைத் திறந்து குழாயை வாயில் கவ்வினேன். பாதுகாப்பு அறை முன்னால் கொஞ்ச தூரம்தான். சுவரில் கையை வைத்துக்கொண்டு நடந்தேன். சொந்தக் கையே தெரியவில்லை. இரும்புக் கதவு விரலில் பட்டபோது முன்பின் யோசிக்காமல் இழுத்துத் திறந்து உள்ளே விழுந்தேன்.

சின்ன கண்டெய்னர் மாதிரியான அறை. எதிரெதிராக இரண்டு பெஞ்சு, சிலிண்டர்கள், தண்ணீர், ஒரு போன், உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். வேறு யாரும் இல்லை.

மேலே கட்டுப்பாட்டு அறையில் அன்று இருந்தவள் ட்ரேசி. நல்ல பெண். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எங்கே இருக்கிறீர்கள் என்று ரேடியோவில் கேட்டுக்கொண்டே வந்தாள். என் முறை வந்தது. அறைக்குள் இருக்கிறேன் என்றேன். அடுத்து அவள் கேட்டாள்:

"ஸோ, நோபடி பிலோ யூ, செல்வி?"

உனக்குக் கீழே யாரும் இல்லைதானே என்கிறாள். நான் "நோ" என்றேன். இல்ல, க்ரெய்க் இருக்காரு. அதுதான் என் வாயில் இருந்தது. அந்த "இல்ல" மட்டும் போய்ச் சேர்ந்தது. சுரங்கத்துக்குள் ரேடியோவைச் சுமந்து வரும் கேபிளைத் தீ தின்றுவிட்டது. நான் "க்ரெய்க், பம்பு, பம்பு" என்று செத்த ரேடியோவில் கத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதும் எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை. அவளுக்கு விஷயம் போய்விட்டது, யாரோ கீழே இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும், யார் என்பதுதான் தெரியாது என்று நினைத்தேன். தனிக் கம்பியில் வரும் போனை எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எல்லா அறைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் அழைத்தால் அப்படித்தான்.

விடாமல் போட்டேன். கடைசியில் ட்ரேசி எடுத்தாள். நான் நலமா என்று கேட்டாள். க்ரெய்க்கைத்தான் காணவில்லை, மேல்மட்டப் பட்டறைக்கு மீட்புக் குழுவை அனுப்பியிருக்கிறோம், அங்கே தேடுகிறார்கள் என்றாள். உனக்குக் கீழே யாரும் இல்லை என்று நீ சொன்னதால் ஒரு பக்கத்தைத் தேட வேண்டிய வேலை கம்மி என்றும் சொன்னாள்.

எந்த மொழியில் பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. க்ரெய்க் எனக்குக் கீழே இருக்கிறார், பம்பு அறையில் இருக்கிறார் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு போனைக் கீழே வைக்காமலே அவள் யாருக்கோ உத்தரவு சொல்வது கேட்டது.

அதற்குப் பிறகு எனக்கு வேலை எதுவும் இல்லை. கதவைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். திறந்தாலும் நான் போய்ச் சேர மாட்டேன் என்று தெரியும். எப்போதோ கரியாலூருக்கு மேலே பனிமூட்டத்தில் ஒரு ஜீப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. சாலையில் நின்ற வண்டிகளிலிருந்து எல்லோரும் இறங்கி விளிம்பில் நின்று கீழே பார்த்துக் கத்தினோம். கீழிருந்து ஓர் ஆள், இங்க இருக்கறோம், உசுரோட இருக்கறோம் என்று பதில் கொடுத்தான். ஒன்றும் தெரியாத வெள்ளைப் பனிக்குள் குரல் மட்டும் போய்வந்தது. இங்கே இரும்பு அறைக்குள் நான் எவ்வளவு கத்தினாலும் எனக்கே திரும்பி வந்தது.

ஜன்னலில் வெளிச்சம் ஆடியது. மீட்புக் குழு இறங்கி வந்துவிட்டது. முகமூடி போட்ட ஒருவர் கண்ணாடியில் கையால் தட்டி, நலமா என்று விரலைக் காட்டினார். நான் கண்ணாடியில் அடித்துக் கீழே, கீழே என்று காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். வெளிச்சம் புகையில் கரைந்தது. திரும்பி வந்தபோது நான்கு பேர் ஒரு தூக்குப் படுக்கையைப் பிடித்திருந்தார்கள். என் ஜன்னலுக்கு நேரே கடந்தபோது ஒரு கை தொங்கிக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்தேன். அது அசைந்தது தானாகவா, அவர்கள் நடந்த அதிர்விலா என்று தெரியவில்லை.

5

க்ரெய்க் உயிரோடு இருந்தார். ஊர் மருத்துவமனையில் அவரை முதலில் கையில் வாங்கியவர் அந்தோணி. மூச்சுக்குக் குழாய் வைத்து, நகரத்துக்குக் கொண்டுபோக விமானம் வரும்வரை பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அவ்வளவு நேரமும் நான் மேலே வந்துவிட்டேனா என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் கையில் இருக்கும் வேலை கெடும் என்று யாரிடமும் கேட்கவுமில்லை. புகை அடங்கி என்னையும் மேலே கொண்டுவந்த பிறகு, நான் மருத்துவமனை வாசலில் போய் நின்றபோது என்னைத் தொடவில்லை. கை கழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும்தான் வாய் திறந்தார். "போதும் செல்வி. இதோட வுட்டுடு. நீ ஓட்டிக் கிழிச்சது போதும்."

அருள் போன் மேல் போன் போட்டான். திரும்பி வந்துவிடு அக்கா, இங்கே வண்டியா இல்லை, மலையில் அடிக்க லோடா இல்லை என்றான். அம்மா போனை வாங்கி அழுதுவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டாள்.

சின்ன ஊரில் எதுவும் மறைவில்லை. செல்வி கீழே யாரும் இல்லை என்று சொல்லிவிட்டாளாம் என்பது இரண்டு நாளில் பள்ளிக்கூடம்வரை போய்விட்டது. மேடி, நகரத்தில் இருக்கும் தன் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். அவளே ஜெனிக்குச் செய்தி அனுப்பிக் கேட்டிருக்கிறாள். ஜெனி பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலில் நின்றாள். முகம் கறுத்திருந்தது. ஆங்கிலத்தில்தான் கேட்டாள். அவர் கீழே இருந்தது உனக்குத் தெரியாதா?

"நோ" என்றேன்.

"பொய் சொல்லாத. விளக்கு போட்டாருன்னு நீதான அப்பாகிட்ட சொன்ன?"

கோபத்தில் அவளுக்கே தெரியாமல் தமிழ் வந்துவிட்டது. எனக்கும் கோபம் வந்தது. "தெரியும்னுதான்டி சொல்றன். தெரியாதான்னு கேட்ட. நோன்னேன். தெரியும்னு அர்த்தம்."

அவள் என்னை அப்படியே பார்த்தாள். பையை மெதுவாகத் தரையில் வைத்தாள். பிறகு, சோதித்துப் பார்க்கிற மாதிரி, ஆங்கிலத்தில் கேட்டாள். வீட்டில் பால் இல்லையா?

"நோ, இருக்கு" என்றேன், யோசிக்காமல்.

"அய்யோ, மா" என்றாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கும் முழுதாக உறைத்தது. கடையில் பை வாங்கிய காலத்திலிருந்து ஒரே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தேன். நாம் "இல்லை" என்றால் கேட்டவரின் நினைப்பை மறுக்கிறோம். அவர்களுடைய "நோ" அங்கே ஆள் இல்லை என்று சொல்கிறது. ட்ரேசி என்ன கேட்டாளோ அதற்கு ஒழுங்கான ஆங்கிலத்தில் பதில் கொடுத்து ஒரு மனிதரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

6

விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அதற்கு முந்தின நாள் கம்பெனி அலுவலர் ஒருவர் என்னைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். நீ க்ரெய்க்கைப் பார்க்கவில்லை, போனில் சொன்னது ஓர் ஊகம் என்றால் விஷயம் எளிது, அவர் பட்டறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்ததை அறிவிக்கவில்லை, அவ்வளவுதான் என்றார். பார்க்கவில்லை என்று சொல் என்று அவர் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் நிரந்தர விசா விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. எந்த விசாரணையிலாவது உன் பெயர் உண்டா என்று ஒரு கேள்வி அதில் வரும். அந்தோணி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பாக்கலன்னு சொல்லிடு. இருட்டுல இன்னா தெரியும்? யாரு உன்ன கேக்கப் போறாங்க?"

"க்ரெய்க் கேப்பாரு" என்றேன். "அவருதான் விளக்கு போட்டாரு."

நேர்மையான ஆள்தான் என் கணவர். பயம் அப்படிப் பேசவைத்தது. நான் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் முழுத் தப்பும் க்ரெய்க் தலையில் விழும். அவர் சிகிச்சைக்கும் பிழைப்புக்கும் யார் பொறுப்பு என்று நாளைக்கு வழக்காடுவார்கள். அது அந்தோணிக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் மேலே வற்புறுத்தாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

விசாரணையில் போன் வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற ஒரு பெரியவர். நான் "இன்னா" என்றால் "என்ன சொல்லுறியள்?" என்பார். அவர் பேசினால் எனக்கு மறுபடி கேட்க வேண்டியிருந்தது. ஒலிப்பதிவைப் போட்டார்கள். அதிகாரி, நீங்கள் கீழே ஒருவரும் இல்லை என்று தெரிவிக்கவில்லையா என்று கேட்டார். அறை முழுக்க என்னைப் பார்த்தது. மறுபடி அதே மாதிரிக் கேள்வி. யெஸ் என்றாலும் மாட்டிக்கொள்வேன், நோ என்றாலும் மாட்டிக்கொள்வேன்.

நான் அந்த இரண்டு சொல்லையும் விட்டுவிட்டேன். தமிழில் மெதுவாக, முழுசாகச் சொன்னேன். க்ரெய்க்கைப் பார்த்தேன். அவர் கீழே இருப்பது தெரியும். ட்ரேசி கேட்டதற்கு நோ என்றேன். எங்கள் மொழியில் அதற்கு, நீ நினைப்பது சரியில்லை, ஆள் இருக்கிறார் என்று பொருள். பெரியவர் போனில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். அதோடு நிற்காமல், மொழிபெயர்ப்பாளர் சொந்தக் கருத்துச் சொல்லக் கூடாது என்பது தனக்குத் தெரியும் என்றும், ஆனால் இந்த நாட்டுக்கு வந்து இத்தனை காலமாகியும் டாக்டரிடம் தானும் இதே தப்பைச் செய்வதுண்டு என்றும் சேர்த்துக்கொண்டார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்தக் கேள்வியை வேறு மாதிரிக் கேட்கிறேன் என்றார்.

அறிக்கை வர வெகுகாலம் ஆனது. வண்டியில் எண்ணெய்க் குழாய் வெடித்ததுதான் தீக்குக் காரணம் என்று வந்தது. க்ரெய்க் திரும்பி வந்ததைச் சொல்லாதது, கேட்கப்பட்ட விதம், நான் பதில் சொன்ன விதம் எல்லாவற்றையும் எழுதியிருந்தார்கள். தனியாக ஒருவர் தலையில் போடவில்லை. க்ரெய்க்கின் சிகிச்சையைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. ட்ரேசி ரொம்ப நாள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், நானும் அப்படித்தான். ஒருநாள் கடையில் தக்காளி பொறுக்கும்போது அவளே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இப்போது ரேடியோவில் "இல்லையா" என்கிற மாதிரிக் கேள்வி கேட்கக் கூடாது. உனக்குக் கீழே யார் யார் என்று கேட்க வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும். விசா இன்னும் வரவில்லை.

சுரங்கம் மூடியிருந்த நாட்களில் ஊர் இன்னொரு முறை காலியாகப்போகிறது என்று மது விடுதியில் பேசிக்கொண்டார்கள். இரண்டு குடும்பம் சாமான் கட்டிவிட்டது. பிறகு திறந்தார்கள். நான் வேலைக்குத் திரும்பினேன். அந்தோணி தடுக்கவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. நான் கீழே இருக்கும் முறைகளில் மருத்துவமனையில் கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொள்கிறார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லையாம்.

7

க்ரெய்க் வீட்டைக் காலி செய்ய வந்தது குளிர்காலத்தில். ஆள் பாதியாகியிருந்தார். இனிமேல் தூசியில் வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தங்கம் தோண்டுகிற ஊரில் தூசியில்லாத வேலை ஏது. நகரத்துக்கே போகிறார்கள். மேடியும் ஜெனியும் அவர் வீட்டு வாசலில் ஒரே போனை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெனி ஏற்கெனவே அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தாள். வீட்டில் பால் இல்லையா என்று மேடியும் என்னிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டாள்.

நான் போக வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்து, அன்று காலையில்தான் போனேன். என்ன சொல்வது என்று மனதுக்குள் ஆங்கிலத்தில் கட்டி வைத்திருந்ததெல்லாம் அவர் முன்னால் போய் நின்றதும் கலைந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்த டேப்பைக் கீழே வைத்தார்.

நீ பேசியது எனக்குக் கேட்டது என்றார். கேபிள் அறுவதற்கு முன்னால், ட்ரேசி கேட்டதும், நான் நோ என்றதும் அவருடைய ரேடியோவில் தெளிவாகக் கேட்டிருக்கிறது. இங்கே இருக்கிறேன் என்று அவர் கத்தியபோது ரேடியோ செத்திருந்தது. அதாவது, தன்னைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்று அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் காத்திருக்கவில்லை என்றார். பம்பு அறையில், இயந்திரங்களுக்கு மேலிருந்து நல்ல காற்று வரும் குழாய் ஒன்று போகிறது. அதைக் கத்தியால் அறுத்து, சட்டையை நனைத்துத் தலையில் போர்த்தி, குழாயை முகத்தோடு பிடித்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டார். ஆட்கள் வருவார்கள் என்று நம்பியிருந்தால் எதிரே நடந்து போயிருப்பேன், இரண்டாவது வளைவில் விழுந்திருப்பேன் என்றார்.

எனக்கு ஆறுதலாகச் சொல்கிறார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை.

"உனக்கு நன்றி சொல்றதா, திட்டுறதான்னு எனக்கே தெரியல, செல்வி" என்றார், அவர் மொழியில். "ரெண்டையும் இப்போதைக்கு வேணாம்னு வச்சிருக்கேன்."

சரி என்றேன். பிறகு அவர் சுவரோரம் இருந்த வாஷிங் மெஷினைக் காட்டி, அந்தப் பக்கம் பிடி என்றார். சாமான் ஏற்றும் லாரிக்காரர் இன்னும் வரவில்லை, வந்தாலும் ஒரே ஆள். நான் ஒரு பக்கம் தூக்கினேன், அவர் ஒரு பக்கம். வாசற்படியில் இறக்கிவிட்டோம். முற்றத்தின் பாதியில் அவருக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் காகிதம் கசங்குகிற மாதிரிச் சத்தம். தன் பக்கத்தைச் செங்கல் மேல் சாய்த்துவிட்டு, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நீயும் கீழே வை என்று கையால் காட்டினார். நான் வைக்கவில்லை. அவர் நிமிர்ந்து மறுபடி பிடிக்கிறவரைக்கும் என் பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.